சிலைக்கு மாலை, பள்ளிக்குப் பூட்டு

வங்காளத்தின் அரசுப் பள்ளிகள் இன்று கிடக்கும் கிடைக்குக் காரணம், இன்னொரு வித்யாசாகர் பிறக்காததுதான். கொல்கத்தாவின் லேக் மார்க்கெட் தமிழர்களிடம் கல்வியைப் பற்றிப் பேச்செடுத்தால் ஐந்து நிமிடத்துக்குள் இந்த முடிவு வந்து விழும். காப்பிக்கொட்டை அரைபடும் வரை கடை வாசலில் நிற்பவர் சொல்வார். கச்சேரி இடைவேளையில் சொல்வார்கள். மூன்று தலைமுறையாக இங்கேயே இருந்து வங்காளிகளுக்கு ஈடாக வங்காளம் பேசுகிறவர்கள் இன்னும் அழுத்திச் சொல்வார்கள். "தெருவிளக்குல படிச்ச மனுஷர் சார். ஏழைக்கெல்லாம் எழுத்து குடுத்தார். அப்படி ஒருத்தர் இப்ப இருந்தா இப்படி ஆகுமா?" பக்கத்து வீட்டு வங்காளியும் தலையாட்டுவார். எதிர்த்துப் பேச ஆள் இருக்காது.

எதிர்த்துப் பேச நிறைய இருக்கிறது. அதற்கு முன், மறுக்கப்போகும் கருத்தை அதன் முழு பலத்தோடு எடுத்து வைத்துவிடுவது நியாயம். நோஞ்சானாக்கி வைத்து அடித்தால் அது மறுப்பாகாது.

ஈஸ்வர சந்திர வித்யாசாகர் 1820 செப்டம்பர் 26 அன்று பீர்சிங்கா கிராமத்தில் ஓர் ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர். 1851இல் கல்கத்தா சமஸ்கிருதக் கல்லூரியின் முதல்வர். அந்தப் பதவியோடு கூடவே தென் வங்கப் பள்ளிகளின் ஆய்வாளராகவும் ஆனார். நதியா, பர்த்வான், ஹூக்ளி, மேதினிப்பூர் ஆகிய நான்கு மாவட்டங்களில் மாவட்டத்துக்கு ஐந்தாக 20 மாதிரிப் பள்ளிகளை நிறுவினார். 1855இல் அவர் எழுதி வெளியிட்ட 'வர்ணபரிசய்' இன்றுவரை வங்கக் குழந்தைகள் எழுத்து பழகும் புத்தகம். 1856இல் விதவை மறுமணச் சட்டம் வந்ததற்கு அவருடைய வாதமும் பிடிவாதமும் பெரும் காரணம். 1857 நவம்பரிலிருந்து 1858 மே வரையிலான ஏழே மாதத்தில் 35 பெண்கள் பள்ளிகள். பிறகு, இந்தியர்களே நடத்திய மெட்ரோபாலிட்டன் கல்லூரி. கடைசிக் காலத்தின் பெரும்பகுதியைக் கர்மாடாரில் சந்தால் மக்களிடையே ஹோமியோபதி மருந்து கொடுத்துக் கழித்தவர். ஒரே ஆள் இத்தனையும் செய்திருக்கும்போது, "அப்படி ஒருவர் வேண்டும்" என்று ஏங்குவதில் என்ன தப்பு?

அவர் செய்தவற்றில் ஒன்றைக்கூட நான் குறைக்கப் போவதில்லை. ஆனால் அவற்றிலிருந்து "பொதுக்கல்வியைக் கொடுத்தவர் அவர்" என்ற முடிவுக்கும், "அவரைப் போல ஒருவர் வந்தால் பொதுக்கல்வி பிழைக்கும்" என்ற முடிவுக்கும் தாவுகிறார்களே, அந்த இரண்டு தாவல்களும் தவறு. ஏன் என்று வரிசையாகச் சொல்கிறேன்.

ஒன்று. அவரே எழுதியதை யார் வாசித்தார்கள்?

1859 செப்டம்பரில் வங்காள அரசு அவரிடம் கருத்துக் கேட்டது. குறைந்த செலவில் பாமர மக்களுக்குக் கிராமப் பள்ளிகள் நடத்த முடியுமா என்பது கேள்வி. வித்யாசாகரின் பதில் கடிதம் ஒளித்து வைக்கப்பட்ட ஆவணம் ஒன்றுமில்லை. அவருடைய வாழ்க்கை வரலாற்று நூல்களில் அச்சாகியிருக்கிறது. மேல்வகுப்பாருக்குப் போதிய அளவு கல்வி கொடுத்தாகிவிட்டது, இனி வெகுஜனங்களின் பக்கம் திரும்பலாம் என்ற எண்ணம் தவறு என்று அதில் எழுதுகிறார். வங்காளத்தில் கல்வியைப் பரப்ப நடைமுறையில் சாத்தியமான சிறந்த வழி, அரசு மேல்வகுப்பாரின் கல்வியோடு தன்னை நிறுத்திக்கொண்டு அதை விரிவாகச் செய்வதுதான் என்கிறார். நூறு பிள்ளைகளுக்கு வெறும் எழுத்தும் வாசிப்பும் கொஞ்சம் கணக்கும் சொல்லிக் கொடுப்பதைவிட, ஒரு பிள்ளையை முறையாகப் படிக்க வைப்பது மக்கள் கல்விக்கு அதிகம் செய்யும் என்கிறார். மக்கள் அனைவருக்கும் கல்வி என்பது விரும்பத்தக்கதுதான், ஆனால் எந்த அரசாலும் அது ஆகுமா என்று சந்தேகப்படுகிறார். இங்கிலாந்தின் சாமானியர்களே நம்மவர்களைவிட மேலான நிலையில் இல்லையே என்று உதாரணமும் காட்டுகிறார்.

தெருமுனையில் யாரோ உளறியதில்லை இது. இருபது மாதிரிப் பள்ளிகளை நடத்திப் பார்த்த நிர்வாகி, அரசு கேட்டதற்கு நிதானமாக யோசித்து எழுதிய கருத்து. பொதுக்கல்வியின் தந்தை என்று யாரைக் கொண்டாடுகிறோமோ, அவர் பொதுக்கல்வி இப்போதைக்கு வேண்டாம் என்று எழுத்தில் ஆலோசனை சொல்லியிருக்கிறார். இதைத் தெரிந்துகொண்டும் ஒருவர் அவரை மதிக்கலாம். நானும் மதிக்கிறேன். தெரியாமலே கும்பிடுவதற்கு என்ன பெயர் வைப்பது?

இரண்டு. "அந்தக் காலம் அப்படி" என்பது பதிலாகாது.

கடிதத்தைக் காட்டினால் உடனே வரும் சமாதானம் இது. 1857 கலகம் முடிந்து அரசின் கஜானா காலி, வெள்ளைக்காரன் ஆட்சி, அந்தச் சூழலில் வேறு எப்படி யோசித்திருக்க முடியும்? முடிந்திருக்கிறது. முதலில், லண்டனிலிருந்தே 1854 ஜூலையில் சார்லஸ் வுட்டின் கல்வி அறிக்கை வந்துவிட்டது. அதுவரை மேல்வகுப்பாரின் படிப்பிலேயே அரசின் முயற்சி குவிந்துவிட்டது, இனி வெகுஜனங்களுக்குப் பயன்படும் கல்வியைக் கவனிக்க வேண்டும் என்று அது சொன்னது. காலத்தை மீறிய கோரிக்கை எதையும் வித்யாசாகரிடம் யாரும் வைக்கவில்லை. காகிதத்திலாவது அரசு அவரைத் தாண்டிப் போயிருந்தது, அவர்தான் அதைப் பின்னுக்கு இழுத்தார்.

இரண்டாவது சாட்சி இன்னும் வலுவானது. புனேயில் 1848இல் மனைவி சாவித்திரிபாயோடு சேர்ந்து பெண்களுக்குப் பள்ளி தொடங்கிய ஜோதிராவ் புலே, 1882இல் ஹண்டர் கல்விக் கமிஷனுக்கு ஒரு மனு கொடுத்தார். அதே வெள்ளைக்கார அரசு, அதே வறுமை. புலேயின் கணக்கு நேர் எதிராக ஓடுகிறது. அரசின் வருமானத்தில் பெரும்பங்கு உழவனின் வியர்வையிலிருந்து வருகிறது, செலவோ மேல்வகுப்பாரின் உயர்கல்விக்குப் போகிறது, இது என்ன நியாயம் என்று கேட்கிறார். மேலே இருப்பவர்கள் படித்தால் அறிவு தானாகக் கீழே இறங்கும் என்றார்களே, இறங்கியதா என்று கேட்கிறார். குறைந்தது 12 வயது வரை ஆரம்பக் கல்வியைக் கட்டாயமாக்கு என்கிறார். நம் வீட்டு ஃபில்டரில் மேலே வெந்நீர் ஊற்றினால் கீழே டிகாக்ஷன் சொட்டும். சாதிச் சமூகத்தில் மேல் அடுக்கின் அடியில் துளையே இல்லை என்பதை புலே நேரில் பார்த்திருந்தார்.

புலே தோட்டக்கார சாதியில் பிறந்தவர், வித்யாசாகர் குலின பிராமணர்களின் உலகத்திலிருந்து வந்தவர். அந்த வித்தியாசம்தான் கடிதத்துக்கும் மனுவுக்கும் இடையிலுள்ள வித்தியாசம் என்று சொல்லிவிட்டுப் போகலாம். அது பாதி உண்மை. வித்யாசாகரைவிட ஏழ்மையை அறிந்த அதிகாரி அன்றைய கல்வித் துறையில் யார் இருந்தார்? அவர் ஏழ்மையைச் சரியாகவே பார்த்தார். பார்த்துவிட்டு எடுத்த முடிவுதான் சிக்கல். அடுத்த மறுப்பு அதைப் பற்றியது. இந்தக் கட்டுரையில் எனக்கு மிக முக்கியமானதும் அதுவே.

மூன்று. பசிதான் காரணம் என்றால், மருந்து சோறு.

உழைக்கும் மக்கள் பிள்ளைகளின் படிப்புக்குக் காசு செலவழிக்க முடியாத நிலையில் இருக்கிறார்கள், பிள்ளை கொஞ்சம் வளர்ந்து நாலு காசு கொண்டுவரும் வயது வந்ததும் பள்ளியிலிருந்து நிறுத்திவிடுகிறார்கள் என்பது 1859 கடிதத்தின் மையமான வாதம். நோயை அவர் துல்லியமாகக் கண்டுபிடித்திருக்கிறார். ஒரு தாய்க்குத் தன் பிள்ளை படிக்கக் கூடாது என்று ஆசை இல்லை, வயிறுதான் பிள்ளையை வயலுக்கு அனுப்புகிறது. இந்தக் கண்டுபிடிப்பிலிருந்து இரண்டு வழிகள் பிரிகின்றன. ஏழைப் பிள்ளை எப்படியும் நிற்கமாட்டான், ஆகவே நிற்கக்கூடிய பிள்ளைக்குச் செலவு செய் என்பது ஒரு வழி. ஏழைப் பிள்ளையைப் பள்ளியில் நிறுத்தத் தடையாக இருப்பது பசி, ஆகவே அதைப் பள்ளியிலேயே தீர் என்பது இன்னொன்று.

இரண்டாவது வழியை எடுத்தது சென்னை. 1920இல் பிட்டி தியாகராயர் தலைவராக இருந்த சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்குப் பகுதியிலிருந்த தன் பள்ளியில் பிள்ளைகளுக்கு மதிய உணவு கொடுக்கத் தீர்மானித்தது. தியாகராயர் செல்வந்தர். நெசவுத் தொழிலும் ஏற்றுமதி வணிகமும் அறிந்தவர். கல்வியாளர் என்று அவரை யாரும் சொன்னதில்லை. பசித்த பிள்ளை வருவதில்லை, வந்தாலும் நிற்பதில்லை என்ற அதே தகவல்தான் அவர் மேசையிலும் இருந்தது. அங்கிருந்து அவர் போன திசை வேறு. அந்தத் திட்டமும் சுகமாக ஓடிவிடவில்லை. ஆரம்பக் கல்வி நிதியிலிருந்து இதற்குச் செலவிடக் கூடாது என்று காலனி அரசு மறுத்ததால் 1925இல் நின்றது. நின்றதை மறுபடி தூக்கி, மாநிலம் முழுக்கக் கொண்டுபோனது 1956இல் காமராசர் ஆட்சி. அரசும் ஊரும் செலவைப் பங்கிட்டுக்கொண்டன. கல்வித் துறை இயக்குநர் நெ. து. சுந்தரவடிவேலு ஊர் ஊராகப் போய், பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் கூட்டி, நாற்காலியும் கரும்பலகையும் கிணறும் கட்டடமும் ஊராரிடமே கேட்டு வாங்கினார். 1982இல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவாக விரித்தார். 2001 நவம்பரில் உச்ச நீதிமன்றம், நாட்டிலுள்ள எல்லா அரசு ஆரம்பப் பள்ளிகளிலும் சமைத்த மதிய உணவு கொடுத்தாக வேண்டும் என்று உத்தரவிட்டது. இன்று வங்காளத்தின் கானிங்கிலோ பசிர்ஹாட்டிலோ பள்ளிப் பிள்ளையின் தட்டில் விழும் கிச்சடியும் முட்டையும் இந்த வழியாக வந்தவை. பீர்சிங்காவின் வழியாக வந்தவை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். தமிழ்நாட்டிலும் நாம் இதே கும்பிடு வேலையைத்தான் செய்கிறோம். மதிய உணவு என்றாலே காமராசர் படம்தான். 1920 தீர்மானமும் ஊரார் கொடுத்த அரிசியும் படத்துக்குள் வருவதில்லை. ஆனால் அங்கே ஒரு காப்பு இருக்கிறது. காமராசர் போன பிறகும் உணவு நிற்கவில்லை, ஆட்சி மாறியும் நிற்கவில்லை. 2022இல் அதோடு காலை உணவும் சேர்ந்தது. ஆளை நம்பி நிற்காத திட்டம் அது.

நான்கு. அவருடைய மிகப் பெரிய சாதனையே அவரைக் கும்பிடுபவர்களுக்கு எதிரான சாட்சி.

அந்த 35 பெண்கள் பள்ளிகளை எடுத்துக்கொள்வோம். ஏறக்குறைய 1,300 சிறுமிகள். அந்தக் காலத்து வங்கக் கிராமத்தில் வீடுவீடாகப் போய்ப் பெண்ணைப் பள்ளிக்கு அனுப்பச் சொல்வது என்றால் எவ்வளவு வசவு வாங்கியிருப்பார். துணைநிலை ஆளுநர் ஹாலிடே ஆதரவாகப் பேசியதை நம்பி, எழுத்து உத்தரவுக்குக் காத்திராமல் பள்ளிகளைத் திறந்தார். மேலிருந்து நிரந்தர மானியம் மறுக்கப்பட்டது. ஆசிரியர் சம்பளம் நின்றது. அவர் 1858இல் பதவியையே விட்டு வெளியேறினார். நன்கொடை திரட்டிச் சில பள்ளிகளைக் கொஞ்ச காலம் இழுத்துப் பிடித்தார். பிறகு?

ஒரு மனிதனின் உறுதியால் பள்ளி திறக்கலாம். அவனுக்குப் பின்னும் அது திறந்திருக்கச் சட்டம் வேண்டும், வரவுசெலவுத் திட்டத்தில் ஒரு வரி வேண்டும், மாதம் பிறந்தால் சம்பளம் வேண்டும். வித்யாசாகரைப் போன்ற ஒருவராலேயே நெடுநாள் சுமக்க முடியாததை, இனி வரப்போகும் ஏதோ ஒரு மகான் சுமப்பார் என்று எதிர்பார்ப்பது எந்தக் கணக்கு? அவர் வாழ்க்கையிலிருந்து பாடம் எடுக்க விரும்புகிறவர்கள் எடுக்க வேண்டிய இடம் இந்தத் தோல்விதான். தெருவிளக்குக் கதையிலோ, வெள்ளத்தில் தாமோதர் ஆற்றை நீந்திக் கடந்த கதையிலோ அது கிடைக்காது.

'வர்ணபரிசய்' இதற்கு விலக்கு என்று சிலர் சொல்வார்கள். ஒப்புக்கொள்கிறேன். ஆசிரியரைவிட நீண்ட ஆயுள் அந்தப் புத்தகத்துக்கு. எழுத்தை வரிசைப்படுத்தி, தேவையற்றதைக் கழித்து, ஏழை வீட்டுக்கும் போய்ச் சேரும்படி அச்சிட்டது பெரிய காரியம். அதில் வரும் நல்ல பையன் கோபாலும் அடங்காத ராகாலும் வங்காளிகளுக்கு இன்றும் சொந்தக்காரர்கள். ஆனாலும் புத்தகம் வேறு, பள்ளி வேறு. புத்தகத்தைத் திறந்து வைத்துச் சொல்லிக்கொடுக்க ஓர் ஆசிரியர் சம்பளத்தோடு நியமிக்கப்பட்டிருக்க வேண்டுமே.

ஐந்து. கதவை எவ்வளவு திறந்தார் என்பதையும் அளந்துதான் சொல்ல வேண்டும்.

பிராமணரும் வைத்திய சாதியாரும் மட்டுமே படித்த சமஸ்கிருதக் கல்லூரியில் காயஸ்தரைச் சேர்த்தவர் அவர். பிறகு மதிப்புள்ள மற்ற இந்துச் சாதியினரையும் சேர்த்தார். பண்டிதர்களின் முகச்சுளிப்பை மீறிச் செய்த காரியம் அது. அதே கல்லூரிக்கு 1855இல் சுவர்ணவணிக் சாதிப் பையன் ஒருவனுக்காக விண்ணப்பம் வந்தபோது, அவர்களில் பணக்காரர்கள் உண்டு, ஆனால் சாதி வரிசையில் கீழே இருப்பவர்கள், சேர்த்தால் பண்டிதர்கள் மனம் நோகும், கல்லூரியின் பெயரும் கெடும் என்று சொல்லி மறுத்தவரும் அவர்தான். பொன் வணிகர் வீட்டுக்கே இந்தக் கதி என்றால் நாமசூத்திரருக்கும் பாக்தி வீட்டுக்கும் என்ன கதி? அவர்கள் காத்திருக்கவில்லை. கிழக்கு வங்கத்தின் ஓராகாந்தியில் குருசந்த் தாகூர், மதுவா சமூகத்தாரைத் திரட்டித் தாங்களே பள்ளி கட்டினார். சோறு இல்லாவிட்டாலும் பிள்ளைக்குப் படிப்பு வேண்டும் என்று அம்மக்களிடம் பேசியவர். லேக் மார்க்கெட்டில் எத்தனை வீட்டுக் கூடத்தில் வித்யாசாகர் படம் இருக்கிறது, எத்தனையில் குருசந்த் படம் இருக்கிறது என்று எண்ணவே வேண்டாம்.

இதைச் சொன்னதும் என்னை 1970இல் கல்லூரிச் சதுக்கத்தில் அவர் சிலையின் தலையைத் துண்டித்தவர்களோடு சேர்த்துவிடுவார்கள். அந்த நக்சல் இளைஞர்களும் கும்பிடுபவர்களும் ஒரே தப்பைச் செய்தார்கள் என்பது என் எண்ணம். இரு தரப்புக்கும் வரலாறு என்றால் சிலை. 2019 மே மாதம் வித்யாசாகர் கல்லூரிக்குள் அவருடைய மார்பளவுச் சிலை உடைந்தபோது இரண்டு பெரிய கட்சிகளும் ஒன்றையொன்று குற்றம் சாட்டின. சில வாரங்களில் புதிய சிலை வந்துவிட்டது. உடைந்த சிலைக்குக் காட்டிய வேகத்தில் பத்தில் ஒரு பங்கை, கூரை ஒழுகும் ஒரு தொடக்கப் பள்ளிக்குக் காட்டச் சொல்லிப் பாருங்கள்.

ஆறு. இந்தக் கருத்து நமக்கு ஏன் இவ்வளவு இனிக்கிறது?

லேக் மார்க்கெட் தமிழர்களின் குடும்ப வரலாற்றைக் கொஞ்சம் கிளறினால் பதில் கிடைக்கும். தஞ்சாவூரிலிருந்தும் பாலக்காட்டிலிருந்தும் வந்த நம் தாத்தாக்கள் கையில் கொண்டுவந்தது நிலப் பத்திரம் அல்ல, மெட்ரிகுலேஷன் சான்றிதழ். சுருக்கெழுத்து, தட்டச்சு, கணக்கு, பிழையில்லாத ஆங்கிலக் கடிதம். ரயில்வே அலுவலகமும் கிளைவ் தெரு வெள்ளைக்காரக் கம்பெனிகளும் அவர்களை வாங்கிக்கொண்டன. அந்தச் சான்றிதழ் எப்படிக் கிடைத்தது? அரசு தன் கல்விச் செலவை மேல்வகுப்பாரின் மேல் கொட்டியதால் கிடைத்தது. 1859 கடிதம் பரிந்துரைத்த ஏற்பாட்டின் சென்னை மாகாணப் பலன்கள் நாம். நூறு பேருக்குப் பதில் ஒருவன் என்றால், அந்த ஒருவனின் பேரப்பிள்ளைகள் நாம். ராஸ்பிஹாரி அவென்யூவில் வாழையிலையும் முருங்கைக்காயும் மல்லிகைச் சரமும் கிடைக்கிறதென்றால், அதற்குப் பின்னால் அந்தக் கல்விக் கொள்கை இருக்கிறது.

இதில் தாத்தாக்கள் மேல் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. கிடைத்ததைப் படித்தார்கள், பிழைத்தார்கள். பேரன்கள் அதைத் தகுதியின் கதையாக மட்டும் சொல்லும்போதுதான் எனக்குத் தொண்டையில் அடைக்கிறது. தெருவிளக்கில் படித்த ஏழைப் பையன் என்ற வித்யாசாகர் கதை நமக்குப் பிடிப்பது, அது நம் வீட்டுக் கதைக்கு நற்சான்று கொடுப்பதால். முயற்சி இருந்தால் மேலே வரலாம், வராதவனுக்கு முயற்சி இல்லை. அந்தத் தெருவிளக்கின் கீழ் மற்ற 99 பேர் ஏன் உட்காரவில்லை என்று கதை கேட்பதில்லை. அவர்கள் வயலில் இருந்தார்கள். வித்யாசாகரே அதைக் கடிதத்தில் எழுதியிருக்கிறார். பக்தர்களைவிட அவர் நேர்மையானவர்.

ஏழு. விளைவைப் பாருங்கள்.

ஒரு மகானுக்காகக் காத்திருக்கும் சமூகத்துக்கு அரசை நெருக்கத் தோன்றாது. 2023இல் மேற்கு வங்கத்தில் 8,207 அரசுப் பள்ளிகளில் 30க்கும் குறைவான மாணவர்களே இருக்கிறார்கள் என்ற பட்டியல் செய்திகளில் வந்தது. மூடுவார்களா, இணைப்பார்களா என்று இரண்டு நாள் சலசலப்பு, பிறகு அமைதி. 2025 ஏப்ரல் 3 அன்று உச்ச நீதிமன்றம், 2016ஆம் ஆண்டுத் தேர்வின் வழியே நியமிக்கப்பட்ட 25,753 ஆசிரியர், ஊழியர் பணிகளை ஊழலின் காரணமாக ரத்து செய்தது. காசு கொடுத்து வந்தவரோடு நேர்மையாக எழுதி வந்தவரும் தெருவுக்கு வந்தார். பிள்ளைகள் ஆசிரியர் இல்லாத வகுப்பில் உட்கார்ந்திருந்தார்கள். அந்த வாரம் லேக் மார்க்கெட்டில் கேட்டது என்ன? "வித்யாசாகர் பிறந்த மண்ணுல இப்படியா!" சரி, புலம்பியாகிவிட்டது. அடுத்து?

பொதுவாக அடுத்து வருவது ஒரு பெருமூச்சு, அதன்பின் பேரனின் ஐ.சி.எஸ்.இ. பள்ளிக் கட்டணம் பற்றிய பேச்சு. வங்காளி நடுத்தர வர்க்கமும் நாமும் அரசுப் பள்ளியை விட்டு வெளியேறி வெகு காலமாகிவிட்டது. இடதுசாரி அரசு எண்பதுகளில் தொடக்க வகுப்புகளிலிருந்து ஆங்கிலத்தை எடுத்ததைக் காரணமாகச் சொல்கிறார்கள். ஆங்கிலம் திரும்பி வந்தும் யாரும் திரும்பவில்லை. அதிகாரியின் பிள்ளையும் வக்கீலின் பிள்ளையும் பத்திரிகையாளரின் பிள்ளையும் படிக்காத பள்ளிக்காகச் சண்டை போட யார் இருக்கிறார்கள்?

அமர்த்திய சென் நோபல் பரிசுப் பணத்தில் தொடங்கிய பிரதீச்சி அறக்கட்டளை, 2002இல் மேற்கு வங்கத் தொடக்கக் கல்வி பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டது. ஏழைப் பெற்றோருக்குப் படிப்பில் ஆர்வம் இல்லை என்ற பழைய நம்பிக்கையை அது உடைத்தது. அவர்கள் படிப்பை விரும்புகிறார்கள், பள்ளிதான் அவர்களைக் கைவிடுகிறது. ஆசிரியர்கள் வராத நாட்கள் அதிகம், டியூஷன் இல்லாமல் பிள்ளை தேறுவதில்லை. இருபது ஆண்டு கழித்து 2022இல் நடந்த அசர் என்ற கல்வி ஆய்வின்படி, கிராமப்புற மேற்கு வங்கத்தில் எட்டாம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகளில் சுமார் 74 விழுக்காட்டினர் காசு கொடுத்து டியூஷன் போகிறார்கள். நாட்டின் சராசரி சுமார் 30. சட்டப்படி இலவசமான கல்விக்கு இந்த மாநிலத்தின் ஏழைகள் கட்டும் வரி அது. சென்னைப் பக்கம் எல்லாம் சரி என்று நான் சொல்லவில்லை. அரசுப் பள்ளிப் பிள்ளைகள் மருத்துவக் கல்லூரிக்குள் நுழையவே முடியாமல் போனதால்தான் 2020இல் அவர்களுக்கென 7.5 விழுக்காடு ஒதுக்கீட்டைச் சட்டமாக்க வேண்டியிருந்தது. ஆனால் சட்டமாக்கினார்கள். மகானைத் தேடவில்லை.

டியூஷன் வரியைக் கட்டுபவர்கள் யார் என்று தெரிந்துகொள்ளத் தொலைவு போக வேண்டாம். விடியற்காலை கானிங் லோக்கலிலும் லக்ஷ்மிகாந்தபூர் லோக்கலிலும் நெருக்கியடித்து வந்து பாலிகஞ்சில் இறங்கி, நம் வீடுகளில் பாத்திரம் தேய்க்கவும் சமைக்கவும் வருகிற பெண்கள். நாலு வீட்டுச் சம்பளத்தில் ஒரு வீட்டுச் சம்பளம் பையனின் டியூஷன் மாஸ்டருக்குப் போகிறது. "பையனை நன்னாப் படிக்க வையி, வித்யாசாகர் எப்படிப் படிச்சார் தெரியுமோ" என்று அரைகுறை வங்காளத்தில் அவர்களுக்கு உபதேசம் செய்கிற மாமிகளை எனக்குத் தெரியும். நல்ல மனசுதான். அந்த அம்மாளுக்கு வித்யாசாகரை நம்மைவிட நன்றாகவே தெரியும், அவள் படித்ததும் 'வர்ணபரிசய்'தான். அவளுக்குத் தெரியாதது, பையன் பள்ளியில் கணக்கு வாத்தியார் எப்போது வருவார் என்பது.

"அப்படியானால் செப்டம்பர் 26 அன்று கூட்டமே போட வேண்டாம் என்கிறீர்களா?" என்று கேட்பார்கள். போடுங்கள். மாலையும் போடுங்கள். வழக்கமான வாழ்த்துரைகளுக்குப் பதிலாக 1859 கடிதத்தையும், 1882 மனுவின் முக்கியப் பகுதிகளையும் அடுத்தடுத்து வாசியுங்கள். இரண்டும் சேர்ந்து ஒரு ராகம் தானம் பல்லவியின் நேரம்கூட ஆகாது. முடித்ததும் ஒரு தாளை எடுத்து, அந்த 8,207 பள்ளிகளில் தெற்கு 24 பர்கனாவில் இருப்பவை எவை, அவற்றில் எத்தனை ஆசிரியர் இடம் காலி, எப்போதிலிருந்து காலி, எப்போது நிரப்புவீர்கள் என்று கேட்டுத் தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு எழுதுங்கள். மனு எழுதத் தெரிந்தவர்களுக்கு இந்தப் பேட்டையில் எந்தக் காலத்திலும் பஞ்சம் இருந்ததில்லை.